முக்கால் கிலோவுக்குக் குறையாமல்

திண்டிவனம் செண்பகவல்லி நகர், மூன்றாவது குறுக்குத் தெரு, ஏழாம் எண் வீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் சக்கரபாணி ஆகிய நான், முழு சுயநினைவோடும் எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதித் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், என் வீட்டில் போதுமான குப்பை இல்லை.

சிரிக்காதீர்கள். குப்பை இல்லாத வீடு நல்ல வீடு என்று நினைக்கிறவர்கள் அரசாங்க வேலை பார்க்காதவர்கள். நான் முப்பத்துநான்கு வருடம் பார்த்தவன். இருக்க வேண்டியது இல்லையென்றால் அது குறைபாடு. அது குப்பையாக இருந்தாலும் குறைபாடுதான்.

போன ஆவணியில் எங்கள் தெருவுக்கு ‘இல்லந்தோறும் எரு இயக்கம்’ வந்தது. விழுப்புரத்தில் அதற்கு ஒரு மண்டல அலுவலகம். வீட்டுக்கு ஒரு பச்சைத் தொட்டி கொடுத்தார்கள், மூடியோடு. சமையலறையில் மிஞ்சும் தோல், காம்பு முதலான ஈரக் குப்பையை அதில் தினமும் போட வேண்டும். போடுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும். எடையைப் படம் பிடித்துச் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். பிறகு அதையே பதிவேட்டில் மூன்று படி எழுத வேண்டும். நாற்பத்தைந்தாம் நாள் ஆய்வு. தேறிய வீட்டுக்காரரை விழுப்புரத்தில் மேடையேற்றி, சால்வை போர்த்தி, ‘எருச் செம்மல்’ என்று சான்றிதழ் தருவார்கள்.

எனக்கு அந்தச் சால்வை வேண்டும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. என் சர்வீஸில் நான் பிறருக்குக் கொடுத்த குறிப்பாணைகள் ஏராளம். ‘ஏன் தாமதம், ஏன் விடுப்பு, ஏன் இந்தக் காற்புள்ளி’ என்று கேட்டுக் கேட்டே கிழவனானேன். எனக்கென்று ஒரு பாராட்டு வந்ததில்லை. ஓய்வுபெற்ற அன்று ஒரு சால்வை போர்த்தினார்கள். அன்றைக்கே ஓய்வுபெற்ற இன்னொருவருக்கும் போர்த்த வேண்டும் என்று பத்து நிமிடத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே தெரு ஒருங்கிணைப்பாளர் பதவிக்கு ஆள் கேட்டபோது நான் கை தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை என்பதை ஏகமனதான தேர்வு என்று நானே எழுதிக்கொண்டேன்.

இயக்கத்தின் நியமம் இதுதான்: ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு, முக்கால் கிலோவுக்குக் குறையாமல். வீட்டில் நானும் என் மனைவி பாஞ்சாலியும். ஒன்றரை கிலோ.

முதல் நாள் சாயங்காலம் தராசை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் உட்கார்ந்தேன். மொத்தம் எண்பத்தைந்து கிராம் வந்தது. இரண்டு கத்தரிக்காய்க் காம்பு, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையின் தோல் நாலு, ஒரு பச்சைமிளகாயின் தலை. பாஞ்சாலி பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைத்திருந்தாள். கீரைத்தண்டு காரக்குழம்பில் கிடந்தது. டீத்தூள் சக்கை ரோஜாச் செடிக்குப் போயிருந்தது. அரிசி கழுவிய தண்ணீரும் வாழைக்காய்த் தோலும் எதிர்வீட்டு பல்கீஸ் பீவியின் ஆடுகளுக்குப் போயிருந்தன. முப்பது வருடமாக என் வீட்டுக்குள்ளேயே இப்படியொரு முறைகேடு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

செயலியில் எண்பத்தைந்தைப் போட்டேன். ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பாகக் காட்டியது. கள அலுவலர் சவுரிராயனுக்குப் போன் செய்தேன். தங்கமான மனிதர். யாரையும் நோகடிக்க மாட்டார், அதனால் யாருக்கும் எதுவும் செய்யவும் மாட்டார். குறைந்த எடையைச் சிஸ்டம் எடுக்காது என்றும், ஒரு வாரம் இப்படியே போனால் வீட்டுக் கதவில் ‘ஒத்துழையாத இல்லம்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டும்படி ஆகிவிடும் என்றும் வருத்தத்தோடு சொன்னார்.

பழக்க தோஷம், நான் அன்றைக்கே ஒரு குறிப்பாணை எழுதிவிட்டேன். ‘பெறுநர்: திருமதி பாஞ்சாலி, சமையலறை. பொருள்: குப்பைக் குறைவு, விளக்கம் கோருதல். தங்கள் பொறுப்பில் உள்ள சமையலறையில் நியமத்தை விட ஆயிரத்து நானூற்றுப் பதினைந்து கிராம் குறைவாகக் குப்பை உற்பத்தியாவதற்கான காரணத்தை மூன்று தினங்களுக்குள் எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.’ அதை உப்பு ஜாடிக்குக் கீழே செருகி வைத்தேன்.

அவள் படித்தாள். மறுநாள் அந்தத் தாளில் மல்லாட்டையை மடித்து என்னிடமே தின்னக் கொடுத்தாள்.

“குப்பை வேணும்னா நல்ல காயை நறுக்கித் தொட்டில கொட்டணுமா? இன்னாங்க இது பேஜாரு,” என்றாள்.

“திட்டம் அப்படி.”

“பின்னாடி முருங்கை மரத்தாண்ட நான் குழி வெட்டிப் போட்டுக்கினு இருக்கேன் பாருங்க, அதுல எரு வருதா இல்லையா? பூசணி எதுல காய்க்குதுன்னு நினைச்சிக்கினு இருக்கீங்க?”

போய்ப் பார்த்தேன். உண்மைதான். அவளுக்கு மிஞ்சுகிற கொஞ்சநஞ்சம், சருகு, சாம்பல், மண் என்று அடுக்கடுக்காகக் கிடந்தது. அடியில் கையை விட்டால் காப்பித்தூள் மாதிரி கருப்பாக உதிர்ந்தது. வாசனை நல்ல மண் வாசனை. ஆனால் அது பதிவு பெறாத குழி. அதற்கு எண் இல்லை, மூடி இல்லை, பச்சை நிறம் இல்லை. அதில் விளைகிற எருவை எருவாகக் கருத விதிகளில் இடமில்லை என்று அவளிடம் எடுத்துச் சொன்னேன். அவள் பூசணிக்காயைப் பறித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்து நான் செய்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. பல்கீஸ் பீவி பிறந்தது கோட்டக்குப்பம். கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகள் முஸ்கானும் இரண்டு ஆடுகளும்தான் வீட்டில். தினமும் நாலு மணிக்கு ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு தெரு முழுக்க வருவார். வீட்டுக்கு வீடு தோலும் தழையும் கொடுப்பார்கள். இருபது வீட்டுக் குப்பை இரண்டு ஆட்டுக்குள்ளே போய் முடிந்துவிடும். தெரு சுத்தமாக இருந்த காரணம் அதுதான். திட்டம் தோற்கப் போகிற காரணமும் அதுதான் என்று நான் கண்டுபிடித்தேன். ஒரு சுற்றறிக்கை தயாரித்து வீடு வீடாகக் கொடுத்தேன்: ‘இனி ஈரக் குப்பை இயக்கத்துக்குச் சொந்தம். கால்நடைகளுக்கு வழங்குவது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்.’

பல்கீஸ் பீவி அதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்: “நான் படிச்சிட்டேன் சார். ஆடு படிக்காது. நாலு மணிக்கு வந்து நிக்கும். நீங்களே சொல்லிடுங்க.”

நின்றது. கருப்பு ஆடு ஒன்று, வெள்ளைப் புள்ளி போட்டது ஒன்று. சரியாக நாலு மணிக்கு என் கேட்டுக்கு முன்னால் வந்து, கத்தாமல், என்னையே பார்த்துக்கொண்டு நிற்கும். என் அலுவலகத்தில் மனு கொடுத்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். நான் பதிவேட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வேன், அங்கேயும் அதைத்தான் செய்வேன்.

பல்கீஸ் பீவி வீட்டில் சமைப்பது இரண்டு பேருக்கு, அதில் மிஞ்சுவதும் ஆட்டுக்கு. தொட்டியில் போட ஒன்றுமில்லை. எட்டாம் நாள் அவர் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் பரிந்துரைக் கையெழுத்து என்னுடையது.

அன்று சாயங்காலம் அவர் கேட்டுக்கு வெளியே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: “முஸ்கானைப் பொண்ணு பார்க்க வர்றாங்க சார், மார்கழியில. கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி அதைத்தான் படிப்பாங்க. ஒத்துழையாத வீட்டுப் பொண்ணுன்னு நினைச்சிடப் போறாங்க. அதை எடுக்கச் சொல்லுங்க.”

உரிய வழியில் பரிசீலிக்கிறேன் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸ்டிக்கருக்குப் பயந்து தெருவே குப்பைக்கு அலைய ஆரம்பித்தது. கொடுத்துப் பழகிய தெரு, வாசலில் விழுந்த முருங்கை இலைக்குச் சண்டை போட்டது. கடைசி வீட்டு லூர்துமேரி டீச்சர் முட்டைக்கோஸின் மேல் இலையைத் தொட்டிக்குப் போட்டு, எடை வராததால் அடுத்த இலையைப் போட்டு, அதுவும் போதாமல் கோஸ் முழுவதையும் போட்டுவிட்டுச் சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுக்கொண்டார். மார்க்கெட்டில் அழுகல் தக்காளிக்கு நாங்கள் முந்திக்கொண்டு நிற்பதைப் பார்த்த கடைக்காரர், நல்ல தக்காளியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அழுகலை முன்னால் அடுக்கினார்.

நான் மற்றவர்களைப் போலவா, நிர்வாகம் தெரிந்தவன். மயிலம் முருகனைக் கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு, கூட்டேரிப்பட்டில் இறங்கி, நெடுஞ்சாலை ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோலும் தர்பூசணி மட்டையும் ஒரு சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாக்கிலிருந்து ஒழுகியது. கண்டக்டர் உள்ளே இன்னா சார் என்று கேட்டார். அரசுத் திட்டம் என்றேன். அவர் வேறெதுவும் கேட்காமல் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். திண்டிவனம் வருவதற்குள் என்னைச் சுற்றி ஆறு சீட் காலியாகிவிட்டது. வாரம் இரண்டு முறை இப்படி மயிலம் போனேன். என் பக்தியைப் பார்த்துப் பாஞ்சாலிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு மாதத்தில் என் தொட்டி நிரம்பியது. கூடவே நாற்றமும் நிரம்பியது. அந்த நாற்றத்தை நான் எப்படிச் சொல்ல? ஆடுகளே நாலு மணிக்கு வருவதை நிறுத்திவிட்டன. பாஞ்சாலி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து பார்த்து, ஈரத்தின் மேலே ஈரத்தையே கொட்டினால் அழுகத்தான் செய்யும், ஒரு பங்கு ஈரத்துக்கு இரண்டு பங்கு காய்ந்தது போட்டுக் கிளற வேண்டும் என்றாள். பதிவேட்டைத் திறந்து காட்டினேன். பதினொன்றாம் கலம்: சேர்த்த ஈரக் குப்பை. பன்னிரண்டாம் கலம்: ஈரக் குப்பை சேர்க்காததற்குக் காரணம். காய்ந்ததற்குக் கலமே இல்லை. கலம் இல்லாததை எப்படிப் போடுவது?

நாற்பத்தைந்தாம் நாள் சவுரிராயன் வந்தார். மூடியைத் திறந்தார், மூடினார், கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதிவேடு பிரமாதம் என்றார். ஆனால் துர்நாற்றம் இருந்தால் தேர்ச்சி தர முடியாது, முப்பது நாளில் மறு ஆய்வுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் போய்விட்டார்.

சால்வை கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்ததும் நான் பாஞ்சாலியிடம் சரணடைந்தேன். காய்ந்தது வேண்டும் என்றாள். அப்போது ஐப்பசி மழை. தெருவில் ஒரு சருகு உலர்ந்து கிடக்கவில்லை. வீட்டில் காய்ந்தது என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் டிரங்குப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் எழுதுகிற எதற்கும் ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்துவது எங்கள் தலைமுறையின் வழக்கம். நாளைக்கு ஏதாவது விசாரணை வந்தால் நாம் செய்யவில்லை என்று காட்டலாம். முப்பத்துநான்கு வருடக் காகிதம், ஆண்டுவாரியாக, நாடா கட்டி. அதைப் பாஞ்சாலி முற்றத்தில் கொட்டினாள். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் கிழித்தேன். என் தமிழின் அழகில் நானே மயங்கிப் போய், கிழிப்பதற்குத் தாமதமானது.

மூன்றாவது கட்டில் ஒரு தாள் வந்தது. ‘இல்லங்களில் உருவாகும் ஈரக் குப்பைக்கான நியமம்: ஆள் ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு, முக்கால் கிலோவுக்குக் குறையாமல்.’ கீழே வரைவு தயாரித்தவர் சுருக்கொப்பம். ச.பா.

ச.பா. நான்தான்.

எல்லாம் ஞாபகம் வந்தது. விழுப்புரத்தில் கடைசியாக வேலை பார்த்த காலம். ஒரு நாள் நாலு மணிக்கு மேலதிகாரி கூப்பிட்டு, வீட்டுக் குப்பைக்கு ஒரு நியமம் ஐந்து மணிக்குள் வேண்டும் என்றார். வீட்டில் எவ்வளவு குப்பை வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதுவரை என் வீட்டுச் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கத்தான் போயிருக்கிறேன். மேசையில் கல்யாண மண்டபங்களைப் பற்றிய ஒரு கோப்பு கிடந்தது. அதில், பந்தியில் மிஞ்சும் எச்சில் ‘இலை ஒன்றுக்கு முக்கால் கிலோ’ என்றிருந்தது. இலையை அடித்துவிட்டு ஆள் என்று எழுதினேன். கீழே சுருக்கொப்பம் வைத்தேன். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பாஞ்சாலி உள்ளேயிருந்து வருவதற்குள் அந்தத் தாளைக் கிழித்தேன். இரண்டாக இல்லை, நாலாக இல்லை, யாரும் ஒட்டிப் படிக்க முடியாதபடி கடுகு கடுகாகக் கிழித்துத் தொட்டியில் தூவினேன். என் சர்வீஸில் இத்தனை வேகமாக நான் எந்த நடவடிக்கையும் எடுத்ததில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

காகிதம் இன்னும் வேண்டும் என்றாள். டிரங்குப் பெட்டி தீர்ந்தது. கடைசியில் இயக்கத்தின் பதிவேடு, மூன்று படி. அதைப் போட்டால் சான்றுக்கு ஆதாரம் இல்லை. போடாவிட்டால் எருவே இல்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மூன்றையும் கிழித்துப் போட்டு, அவள் குழியிலிருந்து இரண்டு கூடை மண்ணை அள்ளிக் கொட்டிக் கிளறிவிட்டாள். பத்து நாளில் நாற்றம் போனது. இருபது நாளில் உள்ளே சூடாக இருந்தது. முப்பதாம் நாள் மூடியைத் திறந்தால் கருப்பாக, உதிரியாக, அசல் எரு. முப்பத்துநான்கு வருடமாக நான் எழுதியதில் முதல் தடவையாக ஏதோ ஒரு பிரயோஜனம் தெரிந்தது.

சவுரிராயன் வந்தார். கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார். இந்த மாவட்டத்திலேயே இப்படி ஒரு எருவைப் பார்த்ததில்லை என்றார். பிறகு பதிவேடு கேட்டார்.

“உள்ளே இருக்கு,” என்று தொட்டியைக் காட்டினேன்.

“பதிவேடு இல்லாம இதை எருன்னு நான் எப்படி சார் எழுதுவேன்?” என்றார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. வாசற்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். “நார்மே தப்பு சார். எங்களுக்கும் தெரியும். ஒரு வீட்டுல முக்கால் கிலோ வருமா? திருத்தம் கேட்டு எழுதினோம். அசல் கோப்பு வேணும்னாங்க. மாவட்டம் பிரிச்சப்போ அது எந்தப் பக்கம் போச்சுன்னு யாருக்கும் தெரியல. நார்ம் போட்டவர் கையெழுத்தோட ஒரு நகல் கிடைச்சாக்கூடப் போதும், ஒரே நாள்ல மாத்திடலாம். உத்தரவுல ச.பா.ன்னு மட்டும் இருக்கு, யாரோ. எங்க இருக்காரோ.”

எதிரே பல்கீஸ் பீவி வீட்டுக் கதவில் சிவப்பு ஸ்டிக்கர் தெரிந்தது. மார்கழி பிறக்கப் பத்து நாள்தான் இருந்தது.

“அந்த ச.பா. நான்தான், சவுரிராயன்,” என்றேன்.

அவர் சட்டென்று எழுந்து நின்றார். மரியாதைக்கா கோபத்துக்கா என்று தெரியவில்லை. “சார், அந்த நகல் வச்சிருக்கீங்களா? உங்க தலைமுறை ஆளுங்க வீட்டுல வச்சிருப்பீங்களே.”

நான் மறுபடியும் தொட்டியைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக்கொண்டு எருவைத் துழாவினோம். ஒரு மணி நேரம். பாஞ்சாலி பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படியோ மறுபடி வர ஆரம்பித்திருந்த ஆடுகளும் பார்த்துக்கொண்டு நின்றன. கடைசியில் நகம் அளவுக்கு ஒரு துண்டு மட்டும் மட்காமல் கிடைத்தது. அதில் ‘குறையாமல்’ என்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு அரசாங்கம் ஒன்றும் செய்ய முடியாது என்று சவுரிராயன் சொன்னார். ஆகவே நியமம் நிலைத்துவிட்டது. இனி அதை மாற்ற யாராலும் ஆகாது. என் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் அல்லவா, நிலைத்தது.

அன்றே சுற்றறிக்கையை வாபஸ் வாங்கினேன். பல்கீஸ் பீவியிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். எழுத்துப்பூர்வமாக இல்லை, வாயால். அவர் பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். மார்கழியில் முஸ்கானைப் பார்க்க வந்தவர்கள் கதவு ஸ்டிக்கரைப் படித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, எங்க வீட்டுலயும் இதைத்தான் ஒட்டிட்டுப் போனாங்க என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தாராம். அன்றைக்கே பேசி முடித்துவிட்டார்கள்.

பொங்கல் கழிந்து விழுப்புரத்தில் விழா. தெரு ஒருங்கிணைப்பாளர் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. மாவட்டத்திலேயே நியமத்தைக் குறைவின்றி நிறைவேற்றிய ஒரே இல்லத்துக்கு ‘எருச் செம்மல்’ என்றார்கள். மேடையேறிய ஆள் ஒரு கல்யாண மண்டபத்தின் முதலாளி. மாடியில் குடியிருப்பதால் அவர் மண்டபமும் இல்லம் என்றே பதிவாகியிருந்தது. சால்வையைப் போர்த்தினார்கள். நல்ல சால்வை. நானும் கைதட்டினேன். கணக்குப்படி அவர்தான் தேறியிருக்க வேண்டும். கணக்கு என்னுடையது.

விழா நடந்ததும் அந்த மண்டபத்தில்தான். முடிந்ததும் பந்தி. அதிகாரிகள், ஒருங்கிணைப்பாளர்கள், இயற்கை ஆர்வலர்கள், குப்பையைக் குறைப்பது எப்படி என்று காலை முழுவதும் பேசியவர்கள், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தோம். பரிமாறுகிறவர் கேட்காமலே வைத்துக்கொண்டு போனார். நாங்களும் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தோம். எழுந்திருக்கும்போது பழக்கத்தில் என் இலையைப் பார்த்தேன். பாதிச் சாதம், தொடாத கூட்டு, கடித்து வைத்த ஜாங்கிரி, ஒரு வடை, மூடி திறந்த தண்ணீர் பாட்டில். பக்கத்து இலையும் அப்படி. அதற்கடுத்ததும் அப்படி. சவுரிராயன் இலையும் அப்படித்தான்.

அறுபது நாள், எழுபது நாள் என்று தராசும் கையுமாக உட்கார்ந்தவன் நான். கண்ணால் பார்த்தாலே எடை தெரியும். முக்கால் கிலோவுக்குக் குறையாமல் இருந்தது.